பன்னிரண்டாம் வரி

ஜூன் 3, திங்கள்

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

அக்கா எழுதுவது. தேவ கிருபையால் நானும் மாமாவும் சுகம். உன் சுகத்துக்காக ஓயாமல் ஜெபிக்கிறேன்.

நாலு தடவை போன் அடித்தேன். ஐந்தாவது தடவை நீ அணைத்தே வைத்துவிட்டாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஜெராக்ஸ் கடைக்காரிக்குக் கையால் எழுதும் பழக்கம் விட்டுப்போய் வெகு காலமாகிறது.

இரண்டு வருஷம் கழித்து நேற்று ஆராதனைக்கு வந்தாய். பின்வரிசையில் உன்னைப் பார்த்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. சுகவீனருக்கான விண்ணப்பப் பட்டியலை வாசிக்க மேடையேறினேன். வாசித்து முடித்து நிமிர்ந்தால் உன் நாற்காலி காலி. என்னடா கோபம்? 'மேல ஃபேன் ஓடல, வேர்த்திருக்கும், கெளம்பிட்டான்' என்கிறார் மாமா. பாடகர் குழுவில் புதிதாக வைத்திருக்கும் டிரம்ஸ் சத்தமா? பிரசங்கம் நீளம் என்றும் சொல்ல முடியாது, அதற்கு முன்பே நீ போய்விட்டாய்.

சாப்பிட வருவாய் என்று மூன்று பேருக்குச் சமைத்திருந்தேன். மிச்சத்தைத்தான் இன்றைக்கும் சாப்பிட்டோம். ஒரு வரி எழுதிப் போடு.

உன் அன்பு அக்கா

ஜூன் 20

அக்காவுக்கு,

ஃபேனும் இல்லை, டிரம்ஸும் இல்லை. உனக்கு நிஜமாகவே தெரியவில்லையா என்று யோசித்து யோசித்துத்தான் பதில் தள்ளிப்போயிற்று. தெரியவில்லை என்றே தோன்றுகிறது. அதுதான் இன்னும் மோசம்.

உங்கள் சபையில் நோயாளியின் பெயரைச் சொல்வதில்லை. பெயர் ஆண்டவருக்குத் தெரியும் என்று உறவைச் சொல்லி வாசிப்பீர்கள். அன்றைக்கு பேக்கரிக்காரரின் தாயாருக்குப் பிறகு, பன்னிரண்டாவதாக, நீ வாசித்தது இது: 'என் தம்பியின் மனைவி. வயிற்றில் கட்டி. பூரண சுகத்துக்காக.' சபை மொத்தமும் 'கேட்டருளும் கர்த்தாவே' என்றது. போதகரும் சொன்னார். அவளை அடக்கம் செய்த அதே போதகர்.

அவள் போய் இரண்டு வருஷமாகிறது, அக்கா. அவள் கண்களை மூடியது உன் கை.

நான் லிப்ட் ரிப்பேர் செய்கிறவன். 'பழுது' என்று அட்டை மாட்டியிருந்தாலும் ஆட்கள் பட்டனை அமுக்கிவிட்டு அண்ணாந்து நிற்பார்கள். உங்கள் ஆராதனை எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அதற்குமேல் உட்கார முடியவில்லை.

'ஓயாமல் ஜெபிக்கிறேன்' என்று எழுதியிருக்கிறாய். எப்போது? அதுவும் எழுதுவதற்காக எழுதியதுதானா?

தம்பி

ஜூன் 24

தம்பி,

மேலே எப்போதும் எழுதுகிற வரிகளை எழுதிவிட்டேன். படித்துப் பார்த்து அந்தத் தாளைக் கிழித்துப்போட்டு இதை எடுத்தேன்.

உன் கடிதம் சனிக்கிழமை கடைக்கு வந்தது. பட்டியல் என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். நீ சொன்னபடியே இருந்தது.

எப்படி நடந்தது என்று மட்டும் சொல்ல முடியும். மூன்று வருஷத்துக்கு முன், மேடையில் ஃபேன் காற்றுக்குத் தாள் பறக்கிறதே என்று லேமினேட் செய்தேன். கடையில் மெஷின் இருக்கிறது, பெருமையாகச் செய்தேன். புதியவர்களை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கிளிப்பில் மாட்டுவேன். சேர்க்கலாம், எடுக்க முடியாது. கொஞ்ச நாளில் அதைப் பார்க்காமலே ஒப்பிக்கப் பழகிவிட்டேன். அவளை ஒரு வியாழக்கிழமை அடக்கம் செய்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமையே வாசித்திருக்கிறேன், தம்பி. அழுது வீங்கிய முகத்தோடு நின்று, பூரண சுகத்துக்காக என்று.

இது பொய்யா? பொய் சொல்லவாவது எதையாவது நினைக்க வேண்டும். நான் எதையுமே நினைக்கவில்லை. மாமாவிடம், 'நீங்களும் கேட்டருளும் சொன்னீங்களா?' என்றேன். 'எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன்' என்றார். போதகரிடம் பட்டியலைக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். 'புதுசா அடிச்சிருங்கம்மா' என்றார். நான் படியிறங்கிய பிறகு பின்னாலேயே வந்து, 'நானும் கவனிக்கலையே' என்றார். நேற்று தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லிப் பட்டியலை வாசிக்கவில்லை.

உன் கோபம் நியாயம். ஆனால் என்னைத் தின்பது வேறொன்று. அவள் உயிரோடு இருந்தபோது நான் கேட்டதும் இப்படித்தானா? அவள் பிழைக்க வேண்டும் என்று நான் உண்மையாக ஒருதடவையாவது கேட்டேனா? நினைவில் தேடிப் பார்க்கிறேன், என் குரல்தான் கேட்கிறது. அதில் நான் இருந்தேனா என்று தெரியவில்லை.

அக்கா

ஜூலை 10

தம்பி,

நீ பதில் போடவில்லை. போடுவாய் என்று எந்த உரிமையில் எதிர்பார்ப்பது?

இந்த இரண்டு வாரமும் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, பட்டியலில் இருக்கிற முப்பத்தொரு பேரையும் தேடிப் போனேன். ஒன்பது பேருக்கு எப்போதோ சுகமாகிவிட்டது. அதில் ஒருவர் எனக்கு நேர் எதிரே நின்று பாடகர் குழுவில் பாடுகிறார். தன் முழங்காலுக்காகத் தானே வாராவாரம் 'கேட்டருளும்' சொல்லியிருக்கிறார். கேட்டதற்கு, 'அது நானா? வேற யாரோன்னு நெனச்சேன்' என்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. அவளோடு சேர்த்து நாலு பேர் இறந்துவிட்டார்கள். 'பழைய காவலாளியின் மகள்' என்று ஒரு வரி. அது யார் என்று சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆலயத்துக்குப் பின்தெருத் தையற்காரருக்குப் பார்வை போய்விட்டது. இன்னும் கை தடவலிலேயே ஓரம் அடித்துக் கொடுக்கிறார். என் குரல் கேட்டதும், 'நீங்கதானே லிஸ்ட் வாசிக்கிறவங்க?' என்றார். 'ஞாயித்துக்கிழமை ஜன்னலத் தெறந்து வச்சுக்குவேன். தையக்காரர்னு வந்ததும் சாத்திருவேன். என்னைக்காவது யாராவது வருவாங்கன்னு நெனச்சேன்.' மூன்று வருஷமாக நினைத்திருக்கிறார். ஆலயத்திலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற ஜன்னல் அது.

அவருக்காக ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினேன். 'கர்த்தாவே' என்றேன். கையில் தாள் இல்லை, அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அங்கே கிடந்த ஏழு ஊசிகளுக்கும் நூல் கோத்துக் குத்தி வைத்துவிட்டு வந்தேன். அது ஜெபத்தில் சேருமா என்று யாரைக் கேட்பது?

புதுப் பட்டியல் அடித்துவிட்டேன், பதினேழு பேர். லேமினேட் செய்யவில்லை. முதலில் எடுத்தது உன் மனைவியின் வரியைத்தான். ஆனால் பேக்கரிக்காரரின் தாயாருக்குப் பிறகு அவள் இருந்த இடத்தில் இன்னொருவரை எழுத மனம் வரவில்லை. வெற்றாக விட்டிருக்கிறேன். வரும் ஞாயிறு வாசிப்பேன். என்னை மன்னித்துவிடு.

அக்கா

ஜூலை 15

அக்காவுக்கு,

ஒன்றை மறைத்துவிட்டேன். கோபித்துக்கொண்டு போனவன் அடுத்த ஞாயிறே திரும்பி வந்தேன். அதற்கடுத்த ஞாயிறும் வந்தேன். இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து, உள்ளே நுழையாமல் சைக்கிள் ஸ்டாண்டில் ஸ்பீக்கருக்குக் கீழே நின்று கேட்டுவிட்டுப் போவேன். உனக்குக் காரமாகக் கடிதம் எழுதியதும் அப்படிக் கேட்டுவிட்டுப் போன பிறகுதான். என்ன மாதிரி ஆள் நான் என்று எனக்கே விளங்கவில்லை.

கம்பெனி படிவத்தில் 'மனைவியை இழந்தவர்' என்று எழுதியாகிவிட்டது. நான் உள்ளே போனால் நண்பர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். 'உன் வீட்டுக்காரி இருந்தப்ப' என்று ஆரம்பித்தவனும் பாதியில் விழுங்கிவிடுகிறான். வாரத்துக்கு ஒருமுறை, உன் வாயில் மட்டும்தான், அவள் இன்னும் என் மனைவி. 'என் தம்பியின் மனைவி.' அது தப்பு என்று தெரியும். தெரிந்தும் அதைக் கேட்கத்தான் வந்தேன்.

நடுவில் நீ தொண்டைக்கட்டு என்று வாசிக்காமல் விட்ட ஞாயிறுகளிலும் நின்றேன். நேற்று வாசித்தாய். பேக்கரிக்காரரின் தாயார் வந்தது. ஒரு மூச்சு நிறுத்தினாய். பிறகு அடுத்த ஆள். அவளை மறுபடி ஒருதரம் தூக்கிக்கொண்டு போனதைப் போல இருந்தது.

நீ எடுத்தது சரிதான். எடுக்காமல் இருந்திருக்கலாம். இரண்டையும் நானேதான் சொல்கிறேன்.

உன்னைக் குத்திப் பேசியதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன். லிப்டுக்குள் மாதாமாதம் நாங்கள் கையெழுத்துப் போடும் அட்டை உண்டு. கயிறு சரி, பிரேக் சரி, அபாய மணி சரி. போன வாரம் ஒரு கட்டடத்தில் அந்த மணியை அமுக்கிப் பார்த்தேன், சத்தமே வரவில்லை. அட்டை முழுக்க என் கையெழுத்து.

தம்பி

ஜூலை 22

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, கடையில் ஆள் நிற்க நிற்க ஒரே பக்கத்தைப் பதினெட்டு நகல் எடுத்துவிட்டேன்.

அவள் வரியைத் திரும்பச் சேர்க்கலாமா என்று போதகரிடம் கேட்டேன். 'சுகவீனர் பட்டியல்ல எப்படிம்மா வைக்கிறது?' என்றார். நியாயம்தான். அவளை வைத்தால் ஆண்டவரிடம் பொய். எடுத்தால் உனக்கு வலி. பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். தெளிந்துவிட்டேன் என்று சொன்னால் அதுவும் பழக்கப் பேச்சாகிவிடும். தெளியவில்லை.

நேற்று மேடையேறுவதற்கு முன், அந்த வெற்றிடத்தில் பேனாவால் 'என் தம்பி' என்று எழுதினேன். உன்னைக் கேட்கவில்லை. என்ன நோய் என்று எழுதவில்லை, எனக்குத் தெரியாது. என்ன வேண்டும் என்றும் எழுதவில்லை. அதை வாசித்ததும் நின்றுவிட்டேன். அடுத்த வரி கண்ணில் படவே இல்லை. மனசுக்குள் 'இவனைப் பார்த்துக்கொள்ளும், எனக்குத் தெரியவில்லை' என்றேன். இத்தனை வருஷத்தில் யாரிடமோ உண்மையாக ஒன்றைக் கேட்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன். நான் நின்றுபோனதில் சபை பதில் சொல்ல மறந்துவிட்டது. மாமா மட்டும் மெதுவாக 'கேட்டருளும் கர்த்தாவே' என்றார். அவர் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

சைக்கிள் ஸ்டாண்ட் ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டிவைக்கச் சொல்லியிருந்தேன். நீ வந்தாயா?

அக்கா

ஜூலை 25

அக்காவுக்கு,

பன்னிரண்டாம் வரி எழுதுவது.

வந்தேன். சபை சொல்லவில்லை என்றதும், யாராவது சொல்ல வேண்டுமே என்று நானே சொன்னேன், சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு. அந்த முழங்கால்காரரைப் போல, எனக்காக நானே. வாய்ப்பழக்கத்தில் வந்ததா, வேறெங்கிருந்தாவது வந்ததா, தெரியவில்லை. வெயிலில் நின்று கொஞ்சம் அழுதேன், அது மட்டும் தெரியும்.

அவள் உயிரோடு இருந்தபோது உண்மையாகக் கேட்டேனா என்று எழுதியிருந்தாய். பதில் எனக்குத் தெரியும், கோபத்தில் சொல்லாமல் விட்டேன். அந்தக் கடைசி வாரம் நீ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டே இருந்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கதவைப் படாரென்று திறந்து வந்தேன். அவள் என்னைப் பார்த்து, 'சத்தம் போடாதீங்க, அக்கா ஜெபிக்கிறாங்க' என்றாள்.

அந்த அபாய மணியைச் சரிசெய்துவிட்டேன். ஞாயிறு வருகிறேன். உள்ளேயே உட்காருகிறேன், பின்வரிசையில். மூன்று பேருக்குச் சமை.

தம்பி