பெருநாள் கழிந்தால் சரியாகிவிடும்

9 ஏப்ரல் 1958

தெரு அடங்கிய பிறகுதான் உன்னை எடுக்க முடிகிறது நோட்டே, கோபித்துக்கொள்ளாதே. சின்னவன் இப்போதுதான் கண்ணயர்ந்தான். பல் முளைக்கிற காய்ச்சல்.

இன்று நோன்பு திறக்கும்போது என் வீட்டுக்காரர் கஞ்சியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். கை நடுங்கவில்லை. நிதானமாக, கோப்பைக்கு நாலு விரல் தள்ளி, பாயில் ஊற்றினார். பிறகு வெறும் கோப்பையை எடுத்து வாயில் வைத்தார். மாமி சிரித்துவிட்டார். "ஏலே பாரூக்கு, நோன்பு மயக்கம் ஒனக்கு இம்புட்டா?" அவரும் சிரித்தார். நானும்தான்.

பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் பகல் முழுக்கத் தோல் கிடங்கில் நின்று, சாயங்காலம் மலைக்கோட்டையைச் சுற்றி ஓடி, மணல் மூட்டையைக் குத்துகிற மனுஷனுக்கு மயக்கம் வராமல் என்ன செய்யும்?

11 ஏப்ரல்

குத்துச்சண்டை வாத்தியார் சிலுவைமுத்து வந்திருந்தார். மதுரைப் பொருட்காட்சியில் இவரை முதலில் மேடையேற்றியவர். பெங்களூர், கோலார் என்று இவர் சண்டை போட்ட ஊருக்கெல்லாம் துண்டும் தண்ணீர் பாட்டிலுமாகக் கூடவே போனவர். மே நாலாம் தேதி மெட்ராஸில் ஃபைட். நோட்டீஸில் இவருக்கு 'திண்டுக்கல் பூட்டு' என்று பட்டம். எவனாலும் திறக்க முடியாதாம். தலையில் எத்தனை அடி வாங்கினாலும் விழமாட்டார், அதுதான் இவர் கீர்த்தி. வாங்கிக்கொண்டே சிரிப்பார்.

"ரம்ஜான் நமக்கு நல்ல மாசம் தங்கச்சி. வெயிட்டு தானா எறங்குது. நான் பட்டினி போட வேண்டியதில்ல, அல்லாவே பாத்துக்கிறாரு" என்றார் வாத்தியார். மாமிக்குப் பெருமை தாங்கவில்லை.

இவர் கோலார் சண்டையின் கதையைச் சொன்னார். செத்த நேரம் கழித்து மறுபடியும் அதே கதை, அதே இடத்தில் சிரிப்பு. வாத்தியார் என் முகத்தைப் பார்க்கவில்லை.

14 ஏப்ரல்

அவர் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். நோன்புதான். நோன்பாகத்தான் இருக்கணும்.

17 ஏப்ரல்

உடம்புக்கு முடியாதவர்கள் நோன்பை விட்டுவிட்டுப் பின்னால் நோற்கலாமே என்று மாமியிடம் சொல்லிப் பார்த்தேன்.

"காலேஜில மார்க்கமும் சொல்லித் தந்தாகளாக்கும்? பெருநாள் கழியட்டும். நாலு நாள் கறி ஆணமும் சோறுமாத் தின்னா காளை கணக்கா எந்திரிச்சு நிப்பான்."

நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன். பெருநாளுக்குப் பிறகு தெளிந்துவிட்டால் நோன்பு. தெளியவில்லை என்றால் — வேண்டாம், எழுதமாட்டேன்.

21 ஏப்ரல்

பெருநாள். புதுக் கைலி, அத்தர், இரண்டு தட்டு பிரியாணி. பேகம்பூர்ப் பையன்கள் வாசலில் கூடி, "பூட்டு அண்ணே, ஒரே ஒரு குத்து காட்டுங்கண்ணே" என்றார்கள். காட்டினார். எம்புட்டு வேகம்! எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

25 ஏப்ரல்

மூன்று வேளையும் சாப்பிடுகிறார். இன்று சின்னவனைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். வாசல் நேராகத்தான் இருக்கிறது, அவர் நேராக வரவில்லை. பிள்ளையின் தலை நிலைக்காலில் போய் — ணங்கென்று. பிள்ளை வீறிடுது, "ஏன் அழுகிறான்?"னு என்னையக் கேக்குறார். இடிச்சதே தெரியல அவருக்கு!

மாமி பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டார். நோன்பு என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை. "கண்ணு பட்டுருச்சு" என்றார், மெதுவாக. சாயங்காலம் தர்காவிலிருந்து தாயத்து வந்தது.

இண்டர்மீடியட்டில், சிறுமூளையில் கீறிய தவளையைத் தொட்டியில் விட்டுக் காட்டினார்கள். உயிர் இருந்தது, பலம் இருந்தது. ஒரு பக்கமாகவே சுற்றிச் சுற்றி நீந்தியது. அன்று நாங்கள் சிரித்தோம்.

26 ஏப்ரல்

"மச்சான், போகாதீங்க."

"போஸ்டர் ஒட்டியாச்சு மெஹரு. பயந்து ஓடிட்டான்னு பேரு வாங்கச் சொல்றியா?"

"பேரு கெடக்கட்டும். நீங்க வேணும்."

"இந்த ஒண்ணு மட்டும்."

கோலாருக்குப் போகும்போதும் இதையே சொன்னார்.

2 மே

ரயிலேறிவிட்டார்.

5 மே

தந்தி வந்தது. ஜெயம். தெருவில் வெடி போடுகிறார்கள். விழவில்லை, ஜெயித்திருக்கிறார், உயிரோடு இருக்கிறார். நான் வாசலுக்குப் போகவில்லை.

8 மே

சண்டை பார்க்கப் போன கிடங்குக் கணக்கர் நைனா முகமது திரும்பிவிட்டார். இவர் வரவில்லை. வாத்தியார் அப்படியே கொழும்புக்கு அழைத்துப் போகிறாராம், அங்கே அடுத்த ஃபைட். நைனா முகமது வாசலில் நின்று ஊருக்கே கேட்கச் சொன்னார்:

"கடைசி மணி அடிச்சதும் நம்மாளு என்னா பண்ணாரு தெரியுமா? நேரா எதிராளி மூலைக்குப் போயி அவன் ஸ்டூல்லயே உக்காந்துட்டாரு! வாத்தியார் வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டு வாராரு. கூட்டம் விசிலடிக்குது. எம்புட்டுத் தெனாவெட்டு பாத்தீகளா!"

தெருவே சிரித்தது. மாமி சிரிக்கவில்லை. உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ அவனுக்கு எழுது. நாஞ் சொன்னேன்னு எழுது" என்றார்.

எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

மச்சான், கொழும்புக்குக் கப்பல் ஏற வேண்டாம். வீட்டுக்கு வாருங்கள். இது என் வார்த்தை மட்டும் இல்லை, உங்கள் அம்மா சொல்லச் சொன்னது. வாத்தியாரை எழுதித் தரச் சொல்லாதீர்கள். உங்கள் கையாலேயே எழுதுங்கள், எழுத்துக் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. சீக்கிரம் பதில் போடுங்கள்.