‘இல்லை’ என்று வந்த ரிப்போர்ட்

மார்ச் 4, திங்கள்

எட்டாம் ஆண்டு விடைத்தாள்கள் அப்படியே கிடக்கின்றன. லியனார்ட் அண்ணனோடு கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததில் நாள் போய்விட்டது. அவர் மண்டையைத் திறந்து எடுத்த புற்றுக்கட்டியில் ஒரு துண்டு சோதனைக்கு இந்தியா போயிருக்கிறது. எதற்கு என்று டாக்டரிடம் கேட்டேன். இனிக் கொடுக்கப்போகும் மாத்திரை கட்டியின் மரபணுக்களைச் சேதப்படுத்துமாம். அந்தச் சேதத்தைப் பழுதுபார்க்கக் கட்டிக்குள்ளேயே ஒரு மரபணு இருக்கிறது. அதன்மேல் மெதைல் என்று ஒரு மூடி விழுந்து, அது வேலை செய்யாமல் கிடந்தால் நமக்கு நல்லது, மாத்திரை பிடிக்கும். மூடி இல்லாவிட்டால் கட்டி தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும், மாத்திரை பிடிக்காது. மூடி விழுந்தாலும் மரபணுவில் எழுத்து ஒன்றும் மாறுவதில்லையாம். இத்தனை வருடம் விஞ்ஞானம் படிப்பித்தும் இது எனக்குத் தெரியாது.

சர்மிளா அண்ணியின் குவைத் லீவு பதினேழோடு முடிகிறது. ரிப்போர்ட் நல்லதாக வந்தால் திரும்பிப் போவார். கெட்டதாக வந்தால் வேலையை விட்டுவிட்டு அண்ணனோடு இருப்பார்.

மார்ச் 12, செவ்வாய்

பாடசாலை விட்டு வந்தால், தோட்டத்து லயத்தில் வீடு வீடாக, நல்ல செய்திக்குத் துண்டு போட்டுக் கொடுக்கும் பால்சோறு போய்க்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததாம். “மெதைல் இல்லையாம் டோரீன். ஒண்ணுமே இல்லையாம்,” என்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். இங்கே டெங்கோ சீனி வியாதியோ காசமோ, எதுவானாலும் இல்லை என்று வந்தால்தானே கும்பிடுவோம்.

அண்ணன் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நானும் வாங்கித் தின்றேன். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும் — எந்த வாயால சொல்றது?

மார்ச் 13

அண்ணி பெட்டி கட்டுகிறார். நான் ஒரு கோழை.

மார்ச் 15, வெள்ளி

பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது சொல்லிவிட்டேன்.

“இல்லைன்னா நல்லதுதானே?”

“இந்த ஒண்ணு மட்டும் இருந்திருக்கணும் அண்ணி.”

வாளி நிரம்பி வழிந்தது. அவர் எடுக்கவில்லை. “என் கையால பால்சோறு வாங்கித் தின்னியே. அப்பவே ஒனக்குத் தெரியுமா?” என்றார். தெரியும் என்றேன். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

மார்ச் 17, ஞாயிறு

பிளேன் போயிருக்கும். அண்ணி போகவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

மாத்திரை எடுத்தும் கட்டி பழையபடி வளர்ந்திருக்கிறது. தைரியமா இருங்க டீச்சர் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எரிச்சலாக வருகிறது. தன்னைத்தானே சரி பண்ணிக்கொள்ள இந்தச் சனியனுக்கு மட்டும் எவ்வளவு கெட்டித்தனம்!

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அண்ணனுக்குப் பாதிப் பேச்சு போய்விட்டது. இன்று என்னை வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது, பெயர் வரவில்லை. நான் தங்கச்சி, டோரீன் என்றேன். சும்மா சிரித்தார்.

அண்ணி கஞ்சியோடு வந்ததும், “சர்மி,” என்று தெளிவாகக் கூப்பிட்டார்.

“மத்தவங்க பேரெல்லாம் போயிருச்சு,” என்றார் அண்ணி. பீலியடிக்குப் பிறகு என்னிடம் பேசியது இதுதான். “என் பேரு மட்டும் இருக்கு. குவைத்துல இருந்திருந்தா இதக் கேட்டிருக்க மாட்டேன்.”

பிறகு கரண்டியை என் கையில் கொடுத்தார். “கொஞ்சம் நீ ஊட்டு.”