தாத்தா எழுந்துவிட்டார்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு வந்த பழைய கம்ப்யூட்டர்கள் கல்யாண வீட்டு உறவினர் மாதிரி, ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. பாடங்கள் நிறைந்த புது ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பென்டிரைவில் ஏற்றி, ஒவ்வொன்றிலும் முன்பக்கம் செருகினேன். எல்லாம் ஓடின, இருப்பதிலேயே மூத்த 'தாத்தா' மட்டும் அசையவில்லை.

"எடைக்குப் போடுங்க" என்றேன்.

கூட வேலை பார்க்கும் அக்கா, "அவசரப்படாதம்மா, பின்னாடி செருகிப் பாரு" என்றார்.

பின்பக்கம் செருகியதும் தாத்தா முனகிக்கொண்டே எழுந்து கணக்குப் பாடம் நடத்தினார்! எதில் செருகினாலும் சொந்த வீடு போல உட்கார்ந்துவிடுகிறது அந்தச் சிஸ்டம். அசந்துபோனேன் அப்பா.

நம் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடாதீர்கள். பென்டிரைவ் அனுப்புகிறேன். எனக்குப் பொறுமையே இல்லை என்று அம்மா திட்டுவது சரிதான் என்று இன்று தெரிந்தது; அந்தத் திட்டை அதே பென்டிரைவில் பதிவு செய்து அனுப்புங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது.

மணி அடித்துவிட்டது. நீளமாகவே திட்டச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்