வாசலின் அகலம்

மட்டாஞ்சேரி,
12.7.1984

அய்யாவுக்குச் செல்லதுரை வணங்கி எழுதுவது.

இங்கே மழை விடவில்லை, ஆனாலும் என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

புதுச் சின்ன டிராக்டர் நம் வீட்டு வாசலில் நுழையவில்லை என்று பின்சக்கரங்களை நெருக்கி வைத்ததாக எழுதியிருந்தீர்கள். இங்கும் அதே கதைதான். மிளகு குடோன் கேட்டில் டிராக்டர் உரசுகிறது என்று முதலாளி சொன்னதால், போன மாதம் நான்தான் சக்கரங்களை நெருக்கிக் கொடுத்தேன். டிரைவர் சைபுதீன் அண்ணன், "இனி சுகமாப் போவும், துரை" என்று சிரித்தார். திங்கட்கிழமை தோப்பும்படி பாலத்து ஏற்றத்தில் திரும்பும்போது, அகலம் குறைந்த வண்டி நிலைகொள்ளாமல் சாய்ந்துவிட்டது. அவருக்குக் காலில் சின்ன அடி. பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது இடச்சக்கரத்தை வலப்பக்கமும் வலச்சக்கரத்தை இடப்பக்கமும் மாற்றி மாட்டிவிட்டேன். பக்கத்துக்கு நாலு விரல் அகலம் கூடியிருக்கிறது. கேட்டில் நுழையாததால் மூட்டைகளைத் தெருவிலேயே இறக்கிச் சுமக்கிறார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை.

அம்மாவிடம் சொல்லி இரண்டு பழைய வேட்டி அனுப்புங்கள், அண்ணனுக்குக் கட்டுப்போடத் துணி போதவில்லை. தம்பியை அவன் கையாலேயே நாலு வரி எழுதச் சொல்லுங்கள். இங்கே என்னோடு தமிழ் பேச அண்ணன் ஒருவர்தான் இருந்தார்.

தபால் எடுக்க நேரமாகிவிட்டது. மேலே சின்ன அடி என்று எழுதிவிட்டேன், அய்யா. முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்துவிட்டார்கள். அங்கே குளத்துக்கரையில் வண்டி ஓட்டுவது தம்பி. வாசல் தூண் நீங்கள் கட்டியதுதான். இடித்துவிடுங்கள்.

மகன்
செல்லதுரை