ஹஸீனாவின் கிலோமீட்டர்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பிடோக் நீர்த்தேக்கத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு வீடு திரும்பும்போது அவர்களைப் பார்த்தேன். ஹஸீனாவின் குழு. என் இரண்டு சுற்று முடிந்தபோது அவர்கள் முதல் சுற்றையே முடித்திருக்கவில்லை. அதை ஓட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடையைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். நடுவில் என் மனைவி, இரண்டு கைகளையும் ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். வலப்பக்கம் ராஜரத்தினம், துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இடப்பக்கம் மர்யம், விமான நிலையத்தில் வேலை பார்க்கும் பெண், எங்கள் மகளைவிடச் சின்னவள். மூன்று பேரும் சிரித்தார்கள். நான் கை காட்டினேன். ஹஸீனாவும் காட்டினாள், பேச்சை நிறுத்தாமல்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் என்னிடம் சொன்னவை: மின்விசிறி சத்தம் போடுகிறது. கேரட் இல்லை.

அடுத்தவர் வாயிலிருந்து செய்தி எடுத்தே பிழைத்தவன் நான். இப்போதும் வாரத்தில் சில நாள் நாளிதழுக்காக நீதிமன்றம் போகிறேன். ஏரிக்கரையில் என்ன சொல்லிக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். "சும்மா, மச்சான்" என்றாள்.

சும்மா பேசினால் இரண்டு கையும் ஆடுமா?

ஆகஸ்ட் 13, புதன்

மூவரும் டிசம்பரில் நடக்கும் சிங்கப்பூர் மாரத்தானுக்குப் பதிந்துவிட்டார்களாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வீட்டில் மாரத்தான் ஓடியவன் நான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஓட்டம் முடிந்ததும் அவர்கள் ரயிலேறி லிட்டில் இந்தியா போய்த் தோசை சாப்பிடுவது வழக்கம். முடிவெட்ட அந்தப் பக்கம் போயிருந்த நான், தற்செயலாகப் போவதுபோல் டன்லப் ஸ்திரீட் கடைக்குள் நுழைந்தேன். தற்செயல் இல்லை.

"வாங்கோ அலீம், இருங்கோ" என்று ராஜரத்தினம் நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்கு ஒரு தே ஹாலியா, இஞ்சித் தேநீர், சொன்னார். பிறகு, வானிலையைப் பற்றிச் சொல்வதுபோல, "தங்கச்சி வேலையை விடுறது நல்ல முடிவுதான், என்ன?" என்றார்.

செய்தியாளனுக்கு ஒரு பழக்கம் உண்டு. தெரியாத விஷயத்தை எதிராளி சொன்னால், தெரிந்ததுபோல் தலையாட்டவேண்டும். மிச்சத்தை அவரே சொல்லிவிடுவார். நான் தலையாட்டினேன். அவரும் சொன்னார். டிசம்பரோடு ஹஸீனா பாலர் பள்ளி வேலையை விடுகிறாள். இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்லி முதல்வர் கேட்டும் மாட்டேன் என்றுவிட்டாள்.

தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்த ஹஸீனாவின் விரல்கள் நின்றன.

ஊரில் யார் பதவி விலகினாலும் அது முதலில் எனக்குத் தெரியவேண்டும் என்று அலைந்தவன். என் வீட்டில் ஒருத்தி வேலையை விடுகிறாள். எனக்குக் கடைசியில் தெரிகிறது, அதுவும் இன்னொருத்தர் வாயிலிருந்து.

ஆகஸ்ட் 25, திங்கள்

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேன் மச்சான். நோன்புப் பெருநாள் முடிஞ்ச வாரம். வேலைக்குப் போகவே பிடிக்கலைன்னு ஆரம்பிச்சேன். எப்பலேர்ந்துன்னு கேட்டீங்க. யாரு என்ன சொன்னாங்கன்னு கேட்டீங்க. புது பிரின்சிபலா, சம்பளமா, ஹெச்ஆர்ல பேசினியான்னு கேட்டீங்க. பதில் சொல்லிச் சொல்லி, நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துபோச்சு."

"சரி, என்ன சொல்ல வந்தே?"

"பாத்தீங்களா" என்றாள். துணி காயப்போடப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ராஜரத்தினத்துக்கு வயது அறுபத்தேழு. முழங்காலில் பட்டை. காலுறைகள் இரண்டும் வேறு வேறு நிறம். அந்த மனுஷன்கிட்ட அப்படி என்னதான் இருக்கு?

செப்டம்பர் 7, ஞாயிறு

முழங்கால் வலி, இனி மெதுவாகத்தான் ஓடவேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லிக் குழுவில் சேர்ந்தேன். மாரத்தானுக்கும் பதிந்துவிட்டேன். ஹஸீனா என் முழங்காலையே பார்த்தாள். மர்யம் கைதட்டினாள். "வெல்கம் அங்கிள்! பட் ரூல்ஸ் இருக்கு லா."

விதி இதுதான். ஒவ்வொரு கிலோமீட்டரும் முறைவைத்து ஒருவருக்குச் சொந்தம். அது முடியும்வரை அவர் மட்டும் பேசுவார். எதை வேண்டுமானாலும் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே ஓடவேண்டும். கேள்வி கூடாது, புத்திமதி கூடாது. கிலோமீட்டர் முடிந்து கைக்கடிகாரம் அதிர்ந்தால் அடுத்தவர் முறை. பேசமுடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள்.

ராஜரத்தினம் தன் கிலோமீட்டரில், மெல்பர்னில் இருக்கும் மகன் உமாசுதனைப் பற்றிச் சொன்னார். இப்போதெல்லாம் அவன் கேமராவை அணைத்துவிட்டுத்தான் பேசுகிறானாம். குரல் வருகிறது, முகம் வருவதில்லை.

"ஏன், என்ன காரணம் சொல்றார்?" என்றேன்.

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மிச்ச தூரம் முழுக்கக் காலடிச் சத்தம் மட்டும்தான்.

"அங்கிள், அவரோட கிலோமீட்டரை நீங்க முடிச்சுட்டீங்க" என்றாள் மர்யம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இதுவரை என் முறைகளைப் பேசாமலே ஓட்டினேன். இன்று என் முறை வந்ததும் பேசினேன். தயாராகத்தான் போயிருந்தேன். பக்கத்து வீட்டுச் செடிகளுக்கு இரகசியமாக உப்புத் தண்ணீர் ஊற்றிவந்த ஒருவரின் வழக்கைச் சொன்னேன். குற்றச்சாட்டு, சாட்சி, தீர்ப்பு, எல்லாம் வரிசையாக. நன்றாகத்தான் சொன்னேன்.

"நைஸ் ஸ்டோரி அங்கிள்" என்றாள் மர்யம். "ஆனா இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

செய்திக்குள் செய்தியாளன் இருக்கக்கூடாது என்றேன். ஹஸீனா சிரித்தாள். எனக்குப் பிடித்த சிரிப்பு இல்லை அது.

அடுத்தது அவள் முறை. "இன்னிக்கு நான் பாஸ்" என்றாள். அடுத்த சுற்றிலும் பாஸ்.

தண்ணீர் குடிக்கக் குழாயருகே நின்றேன். அவர்கள் மெல்ல முன்னே போனார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறேன், அவள் கைகள் மறுபடி ஆடுகின்றன. ராஜரத்தினம் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டே போகிறார். நான் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.

கைகள் இறங்கிவிட்டன.

ராஜரத்தினம் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 1, புதன்

பக்கத்துவீட்டுச் செடிக்கு உப்புத் தண்ணீர் ஊற்றியவரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். தீர்ப்பு நாளில் அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் எழுதவில்லை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

குவீன்ஸ்டவுனில் ராஜரத்தினத்தின் வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். ஹஸீனா அந்த வீட்டில் கரண்டி எங்கே இருக்கிறது என்று கேட்காமலேயே எடுத்தாள். குறித்துக்கொண்டேன்.

ராஜரத்தினத்தின் மனைவி இராசமலர், யாழ்ப்பாணத்தில் பிறந்து மணமாகி இங்கே வந்தவர். எனக்கு முறுக்குத் தட்டை நீட்டியவர் தட்டை விடவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உமாசுதன் வீடு மாறினதை எனக்கு ஆர் சொன்னது தெரியுமோ? உங்கட மனுசி! இந்த மனுசன் வீட்டில வாயைத் திறக்கிறது சாப்பிடத்தான். ஓடப்போனா எல்லாத்தையும் அங்க கொட்டிப்போட்டு வெறும் வாயோட வாறார். என்ர வீட்டுக் கதையை நான் ஹஸீனாவிட்டக் கேட்க வேண்டிக் கிடக்கு."

ராஜரத்தினம் தொலைக்காட்சியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆக, நான் மட்டும் இல்லை. இன்னொரு முறுக்கு எடுத்துக்கொண்டேன். அந்த வீடு முதல்முறையாக எனக்குப் பிடித்திருந்தது.

திரும்பும் ரயிலில் ஹஸீனா கேட்டாள்: "அக்கா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

"சும்மா" என்றேன்.

நவம்பர் 16, ஞாயிறு

மாரத்தானுக்கு முன் கடைசி நீண்ட ஓட்டம். ஹஸீனா இன்றும் பாஸ். ஆனால் வேகத்தைக் குறைத்து விலகிப்போகவில்லை, என் பக்கத்திலேயே வந்தாள். நானும் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று, கேட்காமல் விட்ட கேள்விகளைச் சத்தமில்லாமல் கேட்டேன். பைத்தியம்.

டிசம்பர் 7, ஞாயிறு

விடிவதற்கு முன்பே புறப்பாடு. எங்களைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர். முன்னே போக நினைத்தவர்கள் போய்விட்டார்கள். மெதுவாக ஓடுபவர்களின் உலகம் பின்னால் இருக்கிறது. அங்கே பாட்டு உண்டு, அரட்டை உண்டு. முதுகில் பேரப்பிள்ளையின் படத்தை ஒட்டிய ஒரு சீனப் பெரியவர் எல்லாருக்கும் புளிப்பு மிட்டாய் கொடுத்துக்கொண்டே வந்தார். ஆறு மாரத்தான் ஓடியிருக்கிறேன், இப்படி ஒருவரை ஒரு தடவையும் பார்த்ததில்லை. வேறு வழியில் போய்க்கொண்டிருந்தேன்போல.

சுபுஹு என்னும் அதிகாலைத் தொழுகையின் நேரம் வந்தது. பாதையோரப் புல்வெளியில் ஒதுங்கினோம். ராஜரத்தினம் யாரும் கேட்காமலே இடுப்புப் பையைத் திறந்து மடித்த மெல்லிய விரிப்பை எடுத்து ஹஸீனாவிடம் கொடுத்தார். அவளுடைய விரிப்பு! அது அவர் பையில்! நாங்கள் தொழுது முடிக்கும்வரை நான்கு தண்ணீர்ப் புட்டிகளையும் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஓடிவருபவர்கள் எங்கள்மேல் மோதிவிடாமல் மறித்து நின்றார். தொழுகையில் மனம் நிற்கவில்லை. இறைவன் மன்னிக்கட்டும்.

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் வெயில் ஏறியது. முப்பது கிலோமீட்டர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ராஜரத்தினத்தின் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்துவிட்டார். மர்யம் காலை நீவிவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் மெல்லமாப் போய்க்கொண்டிருங்கோ" என்றார். "நின்டா உங்களுக்கும் பிடிச்சுப்போடும். நான் இந்தப் பிள்ளையோட வாறன்."

உண்மையை எழுதுகிறேன்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷம்.

ஹஸீனாவும் நானும் தனியாக ஓடினோம். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடிகாரம் அதிர்ந்தது. அவள் முறை. இதற்கும் பாஸ் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பேசவும் இல்லை. என் நாக்கு நுனியில் மூன்று கேள்விகள் வரிசையில் நின்றன.

ஒரு மரநிழலைத் தாண்டும்போது ஆரம்பித்தாள். என்னைப் பார்க்கவில்லை, பாதையைப் பார்த்துச் சொன்னாள்.

"முன்னல்லாம் ஒரு பிள்ளை அழுதா எனக்குப் பதறும் மச்சான். எந்த ரூம்ல இருந்தாலும் ஓடிப்போவேன். இந்த வருஷம் ஒருநா ஒரு பொண்ணு கதவுப் பக்கம் நின்னு உம்மா உம்மான்னு அழுவுது. நான் கலர் பென்சிலை அடுக்கிட்டிருக்கேன். கேக்குது. அடுக்கிட்டே இருக்கேன். எல்லாத்தையும் அடுக்கி முடிச்சிட்டுத்தான் எந்திரிச்சேன். யாரும் பாக்கல. யாரும் ஒண்ணும் சொல்லல. ஆனா அன்னிக்குத் தெரிஞ்சிருச்சு, போதும்னு."

எந்தப் பிள்ளை? எப்போது? யாரிடமாவது சொன்னாயா? மூன்றும் வந்தன. மூன்றையும் விழுங்கினேன். சொல்லும்போது அவள் கைகள் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

கடிகாரம் அதிர்ந்தது. என் முறை. இந்தத் தடவை தயாராக எதுவும் இல்லை.

"ராஜா அண்ணன்கிட்ட நீ பேசுறதைப் பாத்தா எனக்கு எரியுது" என்றேன். "அந்த விரிப்பு அவர் பையில இருந்துச்சு பாரு. அதுக்கும் எரிஞ்சுச்சு."

ஹஸீனா நின்றுவிட்டாள். முழங்காலில் கை ஊன்றிச் சிரித்தாள். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"தெரியும் மச்சான். எனக்குத் தெரியும், மர்யமுக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். உங்க முழங்கால் வலி அன்னிக்கு வலதுல, இன்னிக்கு இடதுல."

பிறகு இருவரும் ஒரு பாலத்தின் அடியில் நின்றோம். அவர்களுக்காக நிற்கலாம் என்று யார் சொன்னது, நினைவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மர்யத்தின் தோளைப் பிடித்தபடி ராஜரத்தினம் நொண்டிக்கொண்டு வந்தார். "ஏன் நிக்கிறியள்?" என்று கோபித்தார். நான் அவருடைய இன்னொரு பக்கம் போய்த் தோள் கொடுத்தேன். அவர் கனம். வியர்வை நாற்றம் வேறு. நால்வரும் ஒன்றாகத்தான் முடிவுக் கோட்டைத் தாண்டினோம்.

அதற்கு முந்தைய கிலோமீட்டர் ராஜரத்தினத்துடையது. உமாசுதனைப் பற்றிச் சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அதனால் முழுவதும் சொன்னார்.

டிசம்பர் 8, திங்கள்

படி இறங்க முடியவில்லை. இரண்டு முழங்காலும், இப்போது உண்மையாகவே.

டிசம்பர் 10, புதன்

ஹஸீனாவோடு தேக்கா சந்தைக்குப் போனேன். மீன் வாங்கிக்கொண்டு பஃபலோ ரோட்டில் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தோம், இருவரும் காலை இழுத்து இழுத்து. பூக்கடையைத் தாண்டியதும் அவள் சொன்னாள்:

"மச்சான், இது என் கிலோமீட்டர்."

அவள் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. நடுவில் இரண்டு தடவை எனக்குக் கேள்வி வந்தது. இரண்டு தடவையும் மீன் பையைக் கை மாற்றிக்கொண்டேன். நாங்கள் ஏறவேண்டிய பேருந்து வந்தது, அவள் முடித்திருக்கவில்லை. அது போகட்டும் என்று விட்டோம்.

அவள் முடித்த பிறகு ஒரு கேள்வியை மட்டும் அடக்கமுடியவில்லை.

"ராஜா அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?"

"ஞாயித்துக்கிழமைதான் சொல்லணும்."

இன்று புதன்தான்.