ஆடிக்கு முன் ஒரு புரொசசர்

ஜூலை 3, வியாழன்

கச்சான் காற்று. காலையிலேயே அனல். காயப்போட்ட துணியெல்லாம் தூசி, திரும்ப அலச வேண்டும்.

வெட்டி ஒட்டி முடித்த கந்தளாய்க் கல்யாண வீடியோவை, முழுப் படமாகி வெளியே வர ரெண்டருக்குப் போட்டுவிட்டு உலை வைத்தேன். சோறு வெந்து, குழம்பு இறக்கி, மீனும் பொரித்தாயிற்று. கொம்பியூட்டர்ப் பெட்டி இன்னும் முக்கிக்கொண்டிருந்தது. ஒன்றே கால் மணித்தியாலம். முன்பெல்லாம் இவ்வளவு இல்லை.

இவரின் தம்பி ரகு வந்தான். அவன் கல்யாணங்களைப் படம் பிடிப்பான், நான் இங்கே வீட்டில் இருந்து எடிட் பண்ணுவேன். இவ்வளவு நாளும் தொழில் அப்படித்தான் ஓடியது. இன்றைக்கு முகம் முழுக்கச் சிரிப்பு. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

“அண்ணி, புதுப் புரொசசர் ஒண்டு வந்திருக்கு. இது கிழடாப் போச்சு. மாத்துவம்.”

நல்லதுதானே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்த பிறகு மிச்சக் கதை வந்தது. புதுப் பெட்டி வீட்டுக்கு இல்லையாம், டவுனில் அவனுடைய கடைக்காம்.

“நீங்கள் இனி ஏன் கிடந்து கஷ்டப்படவேணும் அண்ணி?”

கஷ்டம் என்று யார் சொன்னது? இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு நான் தினமும் டவுனுக்குப் போய் இருக்க முடியாது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். பெட்டி போனால் வேலையும் போகும். பழைய புரொசசரோடு சேர்த்து என்னையும் கழற்றப் பார்க்கிறான்.

“முதல்ல ரெண்டையும் ஓட்டிப் பாப்பம். பெரிய வித்தியாசம் இல்லையெண்டால் பெட்டி இங்கதான்” என்றேன்.

“ஓம், பாப்பம் பாப்பம்.” அவனுடைய ‘பாப்பம்’ எனக்குத் தெரியாததா?

சின்னவனுக்கு இருமல். கொத்தமல்லி முடிந்துவிட்டது.

ஜூலை 5, சனி

வெயில். காற்று. அதே.

புதுப் புரொசசரைப் பற்றி யூடியூப்பில் ஒரு ஏழெட்டு வீடியோ. எல்லாரும் விளையாட்டைப் பற்றியே கத்துகிறார்கள். துவக்குச் சண்டையில் இவ்வளவு வேகம், கார் ஓட்டத்தில் அவ்வளவு வேகம். தாலி கட்டும் காட்சி எவ்வளவு நேரத்தில் வெளியே வரும் என்று ஒரு பிறவிகூடச் சொல்லவில்லை. ஒருவன் பெட்டிக்குள் கலர் லைற் எரிகிறதைப் பத்து நிமிடம் காட்டினான். திருவிழாவில் லைற் பூட்டி நிறுத்துகிற சிகரம் தோற்றது.

இவரிடம் சொன்னேன். துறைமுகத்தில் இரவு வேலை முடித்து வந்த களைப்பாம்.

“உங்கட ரெண்டு பேரின்ர கதைக்குள்ள என்னை இழுக்காதையும்.”

இழுக்கவில்லை. படுத்துக்கிடக்கட்டும்.

ஜூலை 7, திங்கள்

ரகு கூப்பிட்டான் என்று டவுனுக்குப் போனேன், கொம்பியூட்டர்க் கடைக்கு. அவன் எனக்கு முன்னுக்குப் போய் நின்றான். கேள்வி கேட்பது நான், கடைக்காரர் பதில் சொல்வது அவனுக்கு. நான் என்ன, கதவில் ஒட்டிய விளம்பரமா?

புரொசசரை மட்டும் மாற்ற முடியாதாம். மதர்போர்ட், ராம், கூலர் எல்லாமே புதிது வேண்டுமாம். கதிரைக்கு ஒரு கால் கேட்டால் குசினியை இடிக்கச் சொல்கிறார்.

“உங்கட போர்ட்டில இது பொருந்தாது மிஸ். இது வேற சொக்கெற்.”

கந்தளாய்க் கல்யாணத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். கடையில் இருந்த புதுப் பெட்டியில் ஓடவிட்டோம். இருபத்தைந்து நிமிடம். ரகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுத மனம் வரவில்லை, ஆனாலும் உண்மை: வேகம்தான். நல்ல சாமான்.

ஆனால் அந்த மிச்சம் ஐம்பது நிமிடத்தை நான் எங்கே வைப்பது? ரெண்டர் ஓடும்போது நான் சமைக்கிறேன். எந்த மாமா எந்தச் சித்தப்பாவோடு கதைப்பதில்லை என்று பார்த்து, கனடாவில் இருக்கிற சொந்தங்களுக்குக் குறை வராமல் வெட்டி ஒட்ட மூன்று நாள் போகிறது. அந்த மூன்று நாளை எந்தப் புரொசசர் குறைக்கப்போகிறது?

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருக்கையும் இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

பெட்டியின் சூட்டைக் காட்டுகிற மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ரெண்டர் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே நூறு பாகை. சூடு தாங்காமல் புரொசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. கிழடும் இல்லை, ஒன்றும் இல்லை. மூச்சு விட முடியாமல் கிடக்கிறது.

முன்பக்கத்தைக் கழற்றினேன். காற்று உள்ளே போகிற வலைக்கண் முழுக்கச் சந்தனம். காய்ந்து கல்லாகி, அதன்மேல் குங்குமம், அதன்மேல் அடுத்த வருடச் சந்தனம். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் ரகு வந்து, “தொழில் செய்யிற சாமான் எல்லாத்துக்கும் பொட்டு வைக்கவேணும்” என்று பூசிவிட்டுப் போனது. அவனுடைய கமராவுக்கு மட்டும் ஓரத்தில் ஒரு சின்னப் பொட்டு. லென்ஸ் பழுதாகிவிடுமாம். என் பெட்டிக்கு முகம் முழுக்க அப்பல்.

உள்ளே கூலரில் விபூதி, தூசி, கடற்காற்று உப்பு எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி ஒரு படை.

பழைய பல் பிரஷ், பெயின்ற் பிரஷ், ஊசி. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வரும்வரை குந்தியிருந்து சுரண்டினேன். பிறகு புரொசசருக்கும் கூலருக்கும் நடுவில் பூசுகிற பசை வாங்க டவுனுக்கு.

“இது உங்களுக்கு என்னத்துக்கு மிஸ்?” கடைக்காரர்.

“பல்லு விளக்க.”

வந்து பூசி, மூடி, அதே கந்தளாய்க் கல்யாணம். நாற்பது நிமிடம்! தனியே இருந்து சிரித்தேன். நாற்பது போதும். கறி இறக்கச் சரியாக இருக்கும்.

முடிவு: புதியது நல்லது, எனக்குத் தேவையில்லை. பெட்டி இங்கதான்.

ஜூலை 9, புதன்

ரகுவுக்கு போன் எடுத்தேன். சந்தோசமாகத்தான் எடுத்தேன், மடைச்சி.

“ரகு, பெட்டி சூடாகித்தான் இழுத்தது. நீர் பூசைக்குப் பூசின சந்தனம் காத்துப் போற ஓட்டையை...”

“அண்ணி, பூசையைக் குறை சொல்லாதேங்கோ.”

“குறை சொல்லேல்ல. இப்ப நாப்பது நிமிசத்தில முடியுது. வேணுமெண்டால் வந்து பாரும்.”



“வேகம் ஒரு பிரச்சினை இல்லை அண்ணி. எல்லாம் ஒரே இடத்தில இருந்தால் லேசு. மட்டக்களப்பில இருந்து ஒருத்தர் எடிட்டிங்குக்கு வாறார். போன மாசமே கதைச்சு முடிஞ்சுது.”

போன மாதமே. அப்படியென்றால் என்னைக் கடை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், புரொசசர் பார்க்க வைத்து, நேரம் பார்க்க வைத்தது எதற்கு? நானே தோற்றேன் என்று என் வாயாலேயே சொல்ல வைக்கத்தானே?

“பழசை நீங்களே வச்சிருங்கோ. பிள்ளையள் படம் பாக்குங்கள்.”

போனை வைத்துவிட்டு அழுதேன். பிறகு அழுததற்காக ஆத்திரம். மத்தியானம் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

ஜூலை 11, வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. மனமில்லை.

கந்தளாய்ப் பெண்ணின் தாய் போன் எடுத்தா. வீடியோ பார்த்துவிட்டாவாம்.

“பிள்ளை, என்ர தமையனை வடிவாக் காட்டியிருக்கிறீர். எங்களோட கோவத்தில கடைசி வரிசையில இருந்த மனுசன். பாத்திட்டு அழுதிட்டார்.”

பிறகு, தங்கச்சியின் மகளுக்கு ஆவணியில் கல்யாணமாம். கமராவுக்கு அங்கே ஊரில் ஆள் இருக்காம், எடிட்டிங் மட்டும் நான் செய்து தர முடியுமா என்று கேட்டா.

“ஓம் அம்மா, செய்யலாம்” என்றேன். ரகுவுக்குச் சொல்லவில்லை. இவருக்கும் சொல்லவில்லை. இந்தக் கதைக்குள் இவரை இழுக்கக் கூடாதல்லவா?

சின்னவனின் இருமல் நின்றுவிட்டது.

ஜூலை 14, திங்கள்

ஆடி பிறக்க முதல் புதுப் பெட்டிக்குப் பூசை போட வேண்டுமென்று ரகு பறந்தான். காலையிலேயே அவனுடைய கடையில் எல்லாரும். இவர் வேட்டி சால்வையோடு. மட்டக்களப்பு எடிட்டர் மூலையில் கை கட்டிக்கொண்டு நின்றார், பாவம், அவரில் எனக்குக் கோபமில்லை. பெட்டி கறுப்பு, முன்பக்கம் முழுக்க வலைக்கண், பின்னால் கலர் லைற். கற்பூரம், வாழைப்பழம், வடை. வடை ஆறிப்போய்.

முதல் பொட்டு வீட்டு மூத்த மருமகள் வைக்க வேண்டுமாம். வேலையிலிருந்து கழற்றலாம், பொட்டு வைக்க மட்டும் நான் வேண்டும்.

ரகு சந்தனக் கிண்ணத்தை நீட்டினான்.

“உங்கட கையால வையுங்கோ அண்ணி. நல்லா வையுங்கோ.”

மூன்று விரலால் அள்ளினேன். வலைக்கண்ணில், காற்று உள்ளே போகிற இடமாகப் பார்த்து, அழுத்தித் தேய்த்து, நல்லாத்தான் வைத்தேன்.