மூன்று டக்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா சொல்ல அம்மா எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம், நேரத்துக்குச் சாப்பிடு. நாங்கள் இருவரும் நலம் என்று எழுதச் சொன்னேன், உன் அம்மா பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள், ஆகவே திருத்திச் சொல்கிறேன்: அவள் நலம், நான் வலது கை நீங்கலாக நலம். கட்டைவிரலுக்குப் போகிற நரம்பு மணிக்கட்டில் நசுங்கிக் கிடக்கிறதாம். ஆபரேஷன் செய்தால் சரியாகும், தள்ளிப்போட்டால் பிடி போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி நாள் கொடுத்திருக்கிறார். பதறாதே. இதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, நம் பிக்கப் வண்டி.

நீ போன் செய்யும்போதெல்லாம் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக எரிகிற அந்த செக் எஞ்சின் லைட் அணைந்ததா என்று கேட்பாய், பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பேன். பொய் இல்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முப்பத்தொரு வருஷம் பாய்லர் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தவன் நான், ஒரு விளக்கு எரிந்தால் லாக் புக்கில் நேரம் போட்டு எழுதி அடுத்த ஷிப்டுக்காரனிடம் ஒப்படைப்பது வழக்கம். எழுதினேன். அடுத்த ஷிப்டுக்கு யாரும் வரவில்லை. மூன்று மாதம் நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு, நானே வாங்கிக்கொண்டேன். எழுத்து மட்டும் நாளுக்கு நாள் கோழிக் கிறுக்கலாகிக்கொண்டு வந்தது, பேனா சரியில்லை என்று மூன்று பேனா மாற்றினேன். உன் அம்மா செடித் தொட்டி ஏற்றிக்கொண்டு போகிற வண்டி, நடுரோட்டில் நின்றால் பழி என் தலையில்தான் விழும் என்று கடைசியில் மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம்.

அவர் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கருவியைச் சொருகிப் பார்த்து, பெட்ரோல் டேங்க் பக்கம் ஆவி கசிகிறது என்றார். மூடியை மாற்றினார். லைட் அணைந்தது, பத்து நாளில் வந்தது. ஒரு ரப்பர் குழாயை மாற்றினார். அணைந்தது, வந்தது. குழாய்க்குள் புகை விட்டுப் பார்த்தார், எங்கும் ஓட்டை இல்லை. இந்த வண்டி என் மானத்த வாங்குதுண்ணே என்று நொந்துபோய் உட்கார்ந்தவர், சீட்டில் கிடந்த என் லாக் புக்கை எடுத்துப் புரட்டினார். பெட்ரோல் போட்ட தேதி, வண்டியைக் கொண்டுபோய்ப் போட்டது யார் எல்லாம் அதில் உண்டு. டீ ஆறி ஆடை கட்டும்வரை படித்தார். அப்புறம் உன் அம்மாவிடம், அண்ணி, நீங்க பெட்ரோல் போட்டா லைட் வரல, அண்ணன் போட்டா ரெண்டு மூணு நாள்ல வந்துடுது, கோளாறு வண்டியில இல்ல என்றார்.

பங்குப் பையனைத் தொடவிடாமல் நாங்களே மூடுகிற அந்த டேங்க் மூடியைத் திருகினால் டக் டக் டக் என்று மூன்று சத்தம் வர வேண்டும், அப்போதுதான் ஆவி வெளியே போகாமல் இறுகும். என்னைத் திருகச் சொன்னார்கள். திருகினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி திருகினேன். மெக்கானிக் ஸ்பேனரைத் தேடுகிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டார். எத்தனை நாளா இப்படி என்று உன் அம்மா கேட்டாள். சட்டைப் பித்தானை இடது கையால் போடப் பழகி ஆறு மாதம் ஆகிறது, அதை மட்டும் நான் லாக் புக்கில் எழுதவில்லை. பயந்துவிட்டேன் பாப்பா, அதுதான் உண்மை.

இனி நல்ல செய்தி. நேற்று பங்கில் பெட்ரோல் போட்டதும், உன் அம்மா பக்கத்தில் நிற்க, நானே மூடியைத் திருகினேன். டக் என்று கேட்டது. மூன்று இல்லை, ஒன்றுதான், ஆனால் கணீரென்று கேட்டது. லாக் புக்கிலும் உன் அம்மாவை எழுதச் சொன்னேன்: காலை எட்டு இருபது, டக் ஒன்று. கை தானாகவே தேறி வருகிறது, பிறகு எதற்குக் கத்தி? ஒன்றாம் தேதி டாக்டரைப் பார்க்கும்போது ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன். இதைச் சொன்னதும் உன் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டாள், சந்தோஷம் போலிருக்கிறது. நீ லீவு கீவு போட்டு வர வேண்டாம். எடுத்த காரியமெல்லாம் உனக்கு நல்லபடியாக முடியட்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. உன் காருக்கு ஆயில் மாற்ற மறக்காதே.

இப்படிக்கு,
அப்பா (கையெழுத்து மட்டும் நான், இடது கை)

பாப்பா, இது அம்மா. அப்பா குளிக்கப் போயிருக்கிறார், அதற்குள் எழுதிவிடுகிறேன். அந்த டக் மூடியில் வந்ததில்லையடி, நான் நாக்கால் போட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மூடியோடு மல்லுக்கட்டினார், நெற்றியெல்லாம் வேர்வை, பார்க்கச் சகிக்கவில்லை, ஒரு டக் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று போட்டுத் தொலைத்துவிட்டேன். அவர் வண்டியில் ஏறியதும் மூடியை நான்தான் இறுக்கினேன். ஆபரேஷனே வேண்டாம் என்று கிளம்புவார் என்று கண்டேனா? சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன், நேற்றிலிருந்து விசிலடித்துக்கொண்டே வீட்டைச் சுற்றி வருகிறார், எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. நீ எப்படியாவது ஒன்றாம் தேதிக்குள் வந்து சேர். வந்ததும் அவரைப் பெட்ரோல் பங்குக்குக் கூட்டிக்கொண்டு போ. என்னை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ.